மேலே பாறை, அடியில் மண்: ஒரு நீர்த்தொட்டியின் இடத்தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலைச்சரிவில் அமைந்த ஒரு குடியிருப்புக்கு 2,00,000 லிட்டர் கொள்ளளவுள்ள தரைமட்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். விட்டம் 8 மீட்டர், நீரின் உயரம் 4 மீட்டர். தொட்டி நிரம்பினால் நீரின் எடை மட்டுமே 200 டன். இதற்காகக் குடியிருப்புக் குழு தேர்ந்தெடுத்த இடம், சரிவின் நடுவே புதர்களுக்கிடையில் வெளித்தெரிந்த ஓர் அகன்ற கிரானைட் பாறை. ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பாறையின் முதுகு லேசாகக் குவிந்திருந்தது. சுத்தியால் தட்டினால் கணீரென்று ஒலித்தது. அங்கே பாறை இருப்பது எல்லோருக்கும் கண்கூடு என்பதால், அடித்தளத்தைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை.

அந்தப் பகுதி ஆண்டு முழுவதும் வெப்பமானது, மழையும் அதிகம். சரிவின் கீழ்ப்பகுதியில் ஆள் உயர உருண்டைக் கற்கள் பல, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பாதைக்காக மண்ணை வெட்டிய இடங்களில் செம்மண்ணுக்குள் அதே போன்ற உருண்டைகள் பாதி புதைந்து தெரிந்தன. இவற்றை எல்லோரும் பார்த்திருந்தார்கள். மேலிருந்து உருண்டு வந்தவை என்றே நினைத்திருந்தார்கள்.

முதல் ஆய்வு

கட்டுமானப் பொறியாளர் வழக்கமான முறைப்படி பாறையில் இரண்டு இடங்களில் துளையிடச் செய்திருந்தார். இரண்டும் 3 மீட்டர் ஆழம். இரண்டிலிருந்தும் வந்த உருளை மாதிரிகள் உடையாமல், கறையில்லாமல், முழுமையாக இருந்தன. அறிக்கையில் "0 முதல் 3 மீட்டர் வரை கடினப் பாறை" என்று ஒரே வரி எழுதப்பட்டது. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. 3 மீட்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்விதான் எழவில்லை. துளை நின்ற இடத்திலேயே கேள்வியும் நின்றுவிட்டது.

பொறியாளர் கவனக்குறைவானவர் அல்லர். தொட்டியும் நீரும் சேர்ந்து தரைக்குத் தரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 6 டன் அளவே வரும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். நல்ல இறுகிய மண்கூட அதைத் தாங்கும். அப்படியிருக்க, பாறையில் 3 மீட்டருக்கு மேல் துளையிடுவது வீண்செலவு என்று அவர் முடிவு செய்ததில் அன்று எவரும் குறை கண்டிருக்க மாட்டார்கள்.

கடப்பாரை இறங்கிய நாள்

தொட்டியிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய்க்காகப் பாறையின் கீழ்ப்பக்க விளிம்பை ஒட்டிப் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். பாறை மண்ணுக்குள்ளும் தொடரும், உடைக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்து உடைப்பு இயந்திரம் வரவழைக்கப்பட்டிருந்தது. அதற்கு வேலையே வரவில்லை. மண்வெட்டியாலேயே ஒன்றரை மீட்டர் வரை தோண்டிவிட்டார்கள். அப்போது பள்ளத்தில் நின்ற தொழிலாளி ஒருவர் பாறையின் வயிற்றுப்பக்கமாகக் கடப்பாரையைக் குத்திப் பார்த்துவிட்டு, "சார், பாறைக்கு அடியில கடப்பாரை முழுசா இறங்குதுங்க" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார்.

மேற்பார்வையாளர் இறங்கித் தாமும் குத்திப் பார்த்தார். ஒரு மீட்டர் கடப்பாரை கைப்பிடி வரை உள்ளே போயிற்று. அவர் அன்றைய வேலையை அந்த இடத்தோடு நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழைத்தார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்பது என் கருத்து. ஓர் ஓட்டையில் கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் வழக்கம் எத்தனை இடங்களில் உண்டு என்பது இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். பாறையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி மூன்றாம் நாள் நான் அழைக்கப்பட்டேன்.

பள்ளத்தின் சுவரில் கண்டவை

பள்ளத்தை 2.5 மீட்டர் ஆழத்துக்கும் 6 மீட்டர் நீளத்துக்கும் விரிவாக்கச் செய்து, அதன் சுவரைத் தூரிகையால் துடைத்துப் பார்த்தோம். பாறையின் விளிம்பு நேராகக் கீழே இறங்கவில்லை. உள்நோக்கி வளைந்து சென்றது. அதாவது நாம் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மலையின் மேற்பரப்பு அல்ல, ஒரு மாபெரும் உருண்டைக் கல்லின் உச்சி.

அந்த வளைவைச் சுற்றி வெங்காயத் தோல் போல அடுக்கடுக்கான ஓடுகள் இருந்தன. உட்புற ஓடுகள் விரல் தடிமனில் கெட்டியாக இருந்தன. சுத்தியால் தட்டினால் மந்தமான ஓசை கொடுத்தன. வெளிப்புறம் வர வர அவை மெலிந்து, துருவின் நிறமேறி, கடைசியில் கையால் நொறுக்கும் பதத்துக்கு வந்தன. அதற்கும் அப்பால் பழுப்பும் வெள்ளையும் புள்ளியிட்ட ஒரு பொருள் சுவர் முழுவதும் பரவியிருந்தது. தூர நின்று பார்த்தால் அது கிரானைட் போலவே இருந்தது. வெள்ளைப் ஃபெல்ட்ஸ்பார், கறுப்பு மைக்கா, கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் என்று கிரானைட்டில் உள்ள ஒவ்வொரு கனிம மணியும் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தது. இரண்டு விரல் அகலக் குவார்ட்ஸ் நரம்பு ஒன்று கெட்டிக் கல்லிலிருந்து புறப்பட்டு, ஓடுகளைக் கடந்து, மென்மையான பகுதிக்குள்ளும் முறியாமல் ஓடியது. கை வைத்தால் மட்டுமே அது பாறையல்ல என்று தெரிந்தது. ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடத்தில் நகத்தால் கீறினால் மாவாக உதிரும் வெள்ளைக் களிமண் இருந்தது. மைக்கா பொன்னிறமாகி இதழ் இதழாகப் பிரிந்தது. குவார்ட்ஸ் மணிகள் மட்டும் கடினமாகவே இருந்தன.

அந்தப் பொருளில் முட்டையளவு ஒரு துண்டை எடுத்து ஒரு வாளி நீரில் போட்டோம். குமிழிகள் வந்தன. பிறகு விளிம்புகள் உதிரத் தொடங்கின. நாங்கள் பேசிக்கொண்டிருந்த சில நிமிடங்களுக்குள் அந்தத் துண்டு ஒரு சிறு மணற்குவியலாகிப் போனது. குழுத் தலைவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் சொன்ன விளக்கங்களைவிட அந்த வாளி அவருக்கு அதிகம் சொல்லியது.

குவார்ட்ஸ் நரம்பு முறியாமல் ஓடியதுதான் எனக்கு முக்கியமான சான்று. மேலிருந்து உருண்டு வந்து மண்ணில் புதைந்த கல்லாக இருந்திருந்தால், கல்லின் நரம்பு மண்ணுக்குள் தொடர வழியில்லை. ஆகவே அந்தக் கல் எங்கிருந்தும் வரவில்லை. சுற்றியிருந்த பாறைதான் நின்ற இடத்திலேயே மக்கிப்போயிருக்கிறது. பாறைச் சிதைவுக்கும் மண்ணரிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அரிப்பு பொருளை இடம்பெயர்க்கிறது. சிதைவு பொருளை அதன் இடத்திலேயே வேறொன்றாக மாற்றுகிறது.

பாறை ஏன் அடியில் மக்கியது

குழுவினர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது: வெயிலும் மழையும் படும் மேற்பகுதி கெட்டியாக இருக்க, மூடியிருக்கும் அடிப்பகுதி எப்படி மக்கும்? கேள்வி நியாயமானது. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து பாறை பிளக்கிறது என்றுதான் நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் 1936-இல் டேவிட் கிரிக்ஸ் என்னும் ஆய்வாளர் ஒரு கிரானைட் துண்டை ஏறத்தாழ 90,000 முறை சூடாக்கிக் குளிர்வித்தார். உலர்ந்த காற்றில் குளிர்வித்தவரை, 244 ஆண்டுக்காலப் பகலிரவுகளுக்கு ஈடான அந்தச் சோதனையில் கல்லில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. குளிர்விக்க நீரைத் தெளித்தபோது, மிகக் குறைந்த சுற்றுகளிலேயே மேற்பரப்பு சிதையத் தொடங்கியது. வெப்பத்துக்குப் பங்கே இல்லை என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. திறந்த வெளியில் கிடக்கும் பெரும்பாறையின் நிலை ஆய்வகத் துண்டின் நிலையிலிருந்து வேறுபட்டது. என்றாலும் நீர் இல்லாமல் சிதைவு எவ்வளவு மெதுவாகும் என்பதை அந்தச் சோதனை தெளிவாகக் காட்டியது.

வெளியே தெரியும் குவிந்த பாறையில் மழைநீர் நிற்பதில்லை; வழிந்தோடி, சிறிது நேரத்தில் முதுகு காய்ந்துவிடுகிறது. அந்த நீர் போய்ச் சேரும் இடம் பாறையின் விளிம்பும் அதன் அடியும்தான். அங்கே மண் மூடியிருப்பதால் ஈரம் மாதக்கணக்கில் தங்குகிறது. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வருவதால் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் அங்குள்ள கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்கு. ஆகவே மண்ணைக் கடந்து கீழே இறங்கும் நீர், வானத்திலிருந்து விழுந்த நீரைவிட வலிமையான கரைப்பான்.

இந்த நீர் ஃபெல்ட்ஸ்பாரோடு வினைபுரிந்து, அதிலுள்ள சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் கரைத்துச் செல்ல, எஞ்சுவது கயோலின் என்னும் வெள்ளைக் களிமண். கறுப்பு மைக்காவில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது அந்தப் படிகம் உப்புகிறது. உப்பும்போது பக்கத்து மணிகளை நெம்பி நுண்விரிசல்களை உண்டாக்குகிறது. அந்த விரிசல்கள் வழியே நீர் இன்னும் உள்ளே புகுகிறது. வெங்காய ஓடுகள் உருவாவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய அசையாமல் இருந்து, பின்னாளில் மணலாகிறது. எந்தக் கனிமம் முதலில் சிதையும், எது கடைசிவரை நிற்கும் என்ற இந்த வரிசையை 1938-இலேயே கோல்டிச் என்னும் நிலவியலாளர் எழுதி வைத்துள்ளார். பள்ளத்தின் சுவரில் அந்த வரிசையைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது.

உருண்டை வடிவம் எப்படி வந்தது என்பதற்கு விடை பாறையின் வெடிப்புகளில் இருக்கிறது. கிரானைட்டில் ஒன்றுக்கொன்று குறுக்காக மூன்று திசைகளில் வெடிப்புகள் அமைந்து, பாறையைப் பெட்டிகளாகப் பிரித்து வைத்திருப்பது வழக்கம். நீர் அந்த வெடிப்புகளில் நுழையும்போது பெட்டியின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்தும், விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்தும், மூலையை மூன்று பக்கங்களிலிருந்தும் தாக்குகிறது. மூலைகள் முதலில் மக்குகின்றன, பெட்டி உருண்டையாகிறது. சரிவின் கீழே கிடந்த ஆள் உயரக் கற்களும் இப்படி நிலத்துக்குள் உருவானவையே. சுற்றியிருந்த மக்கிய பொருள் மழையில் அடித்துச் செல்லப்பட்டபின் அவை வெளியே வந்திருக்கின்றன.

எதிர்காலத்தில் சிதைவு தொடர்ந்து தொட்டியைப் பாதிக்குமா என்றும் கேட்டார்கள். கெட்டிக் கிரானைட் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மக்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளாவது தேவைப்படும். தொட்டியின் ஆயுளுக்குள் அது பொருட்டல்ல. ஏற்கெனவே மக்கிக் கிடக்கும் பொருள் ஒரே மழையில் என்ன செய்யும் என்பதுதான் பொருட்டு.

மீண்டும் துளையிட்டதில் தெரிந்தது

பாறையிலும் அதைச் சுற்றிலும் நான்கு புதிய துளைகளை இட்டோம். ஆழத்தை முன்கூட்டியே முடிவு செய்யாமல், உடையாத பாறைக்குள் 5 மீட்டர் சென்ற பிறகே நிறுத்துவது என்று விதித்துக்கொண்டோம். நடுத்துளையில் 3.6 மீட்டர் வரை புதுப்பாறை, அதாவது சிதையாத பாறை. அதன்கீழ் 8.9 மீட்டர் வரை மக்கிய பொருள். பிறகு 1.2 மீட்டருக்கு மீண்டும் கெட்டிக் கல். அது இன்னோர் உருண்டை. அதற்கும் கீழே மறுபடி மக்கிய பொருள். 12.3 மீட்டரில்தான் தொடர்ச்சியான பாறை கிடைத்தது. முதல் ஆய்வின் துளை இன்னும் 60 செ.மீ. இறங்கியிருந்தால் கதை அன்றே மாறியிருக்கும்.

துளையிடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. துளைக்கருவியைக் குளிர்விக்கச் செலுத்தும் நீர், மக்கிய பொருளை அடித்துக்கொண்டு மேலே வந்துவிடும். மாதிரிகளை அடுக்கி வைக்கும் பெட்டியில் கெட்டிக் கல்லின் உருளைகள் மட்டும் அடுத்தடுத்து வைக்கப்படும். அதைப் பின்னர் பார்ப்பவருக்கு ஒரே பாறை போலத் தோன்றும். இடைவெளியை இயந்திரக் கோளாறு என்று எழுதிவிடுவதும் நடக்கும். எங்கள் முதல் துளையிலேயே இது நேர்ந்தது. திரும்பி வரும் நீரின் நிறம் 3.6 மீட்டரில் சாம்பலிலிருந்து பழுப்பாக மாறியதைத் துளையிடுபவர் குறித்து வைத்திருந்ததால் தப்பித்தோம். அதன்பின் நீரழுத்தத்தைக் குறைத்து, மாதிரியைக் காக்கும் உள்குழாய் கொண்ட கருவியைப் பயன்படுத்தினோம்.

மாதிரிகளின் அடர்த்தியையும் அளந்தோம். புதுப்பாறை 2.64, மக்கிய பொருள் 1.8. கன அளவு ஏறக்குறைய மாறாதபோது எடை குறைந்திருக்கிறது என்றால், பாறையின் மூன்றில் ஒரு பங்கு நீரில் கரைந்து போயிருக்கிறது என்று பொருள்.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

தாங்குதிறன் மட்டுமே கேள்வியாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கட்டியிருக்கலாம். கவலைகள் மூன்று. தொட்டியைத் தாங்கும் கல்லே மக்கிய பொருளின் மேல்தான் அமர்ந்திருக்கிறது; அது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அமிழாது; கல் சாய்ந்தால் தொட்டியின் சுவர் வெடிக்கும். தொட்டியில் சிறு கசிவு வந்தாலும் அந்த நீர் நேராக வாளியில் கரைந்த அதே பொருளுக்குள் இறங்கும். அதன் கீழே சரிவு இருக்கிறது. சரிவுக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன.

முன்வைக்கப்பட்ட வழிகளில் முதலாவது, கல்லை வெடிவைத்து உடைத்து அகற்றுவது. 600 டன் அளவுள்ள கல்லை, வீடுகளுக்கு மேலே, மென்மையான தரையின் மீது வைத்து உடைப்பதை நான் உடனே மறுத்தேன். இரண்டாவது, 12 மீட்டருக்கும் கீழே நிலத்தூண்களை இறக்குவது. அது முடியக்கூடியதே. ஆனால் நடுவில் உள்ள உருண்டைக் கல்லை அடிப்பாறை என்று எண்ணித் தூணை அங்கேயே நிறுத்திவிடும் ஆபத்து ஒவ்வொரு தூணிலும் இருந்தது. மூன்றாவது, 25 மீட்டர் மேலே உள்ள மலைமுகட்டுக்கு இடத்தை மாற்றுவது. குழாய் நீளம் கூடும், பாதை போட வேண்டும், பணி தாமதமாகும். மூன்றாவதையே தேர்ந்தெடுத்தோம்.

முகட்டில் மூன்று துளைகளை இட்டதில் மேலிருந்தே தொடர்ச்சியான பாறை இருந்தது. ஆனால் சுத்தியால் தட்டிக்கொண்டே நடந்தபோது ஓரிடத்தில் ஓசை மாறிற்று. பானையைத் தட்டியது போலக் கூடாக ஒலித்தது. மேற்பரப்புக்கு இணையாக 40 செ.மீ. ஆழத்தில் ஒரு வெடிப்பு ஓடி, மேலே ஒரு தகடு எழும்பி நின்றிருந்தது. பூமிக்குள் ஆழத்தில் பெரும் சுமையின் கீழ் உருவான கிரானைட், மேலிருந்த பாறைகள் அரித்துச் செல்லப்பட்டபின் அழுத்தம் நீங்கி, மேற்பரப்பில் இப்படித் தகடு தகடாகப் பிரிவது இயல்பு. அந்தத் தகட்டை வெடியின்றி ஆப்படித்துப் பெயர்த்து எடுத்தோம். அதன் அடியில் 1.3 மீட்டரில் இன்னொரு வெடிப்பு இருந்தது. அது இறுக்கமாகவும் கறையின்றியும் இருந்ததால் அப்படியே விட்டோம். நீர் போய்வரும் வெடிப்பு துருநிறக் கறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முகட்டின் ஓரத்தில் வெடிப்பு ஒன்றில் வேரூன்றி நின்ற மரத்தை வெட்ட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வேர் பருக்கும்போது வெடிப்பை அகலப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வெடிப்பு தொட்டியிலிருந்து 9 மீட்டர் தள்ளி இருந்தது. மரத்தை வெட்டினால் வேர் அழுகி, அது இருந்த வழி நீர் இறங்கும் குழாயாகிவிடும். மரத்தை விட்டுவிட்டோம்.

நாங்கள் செய்த பிழை

பழைய இடத்தின் பள்ளத்தை மூடாமல் வைத்திருக்கும்படி கேட்டது நான்தான். இன்னும் சில மாதிரிகளை எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வந்து பார்க்கவும் சிலர் விரும்பினார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் மூடிவிடலாம் என்று நினைத்தேன். மழை இரண்டு வாரம் முன்னதாகவே வந்தது. பள்ளத்தில் தேங்கிய நீர் சுவரின் அடியைக் கரைக்க, ஓர் இரவில் 2 மீட்டர் நீளத்துக்குச் சுவர் சரிந்தது. அதில் பதிந்திருந்த 80 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கல் விடுபட்டு, 20 மீட்டர் உருண்டு, பாதையோரத் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. அதன் எடை ஏறத்தாழ 700 கிலோ. இரவு என்பதால் பாதையில் யாரும் இல்லை. பகலில் அந்தப் பாதையில் குழந்தைகள் நடப்பார்கள். இந்தப் பொருள் நீரில் என்ன ஆகும் என்று வாளியில் காட்டியவனே, திறந்த பள்ளத்தில் நீர் தேங்க விட்டிருந்தேன். இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மறுநாளே பள்ளத்தின் அடியில் ஜல்லியும் வடிகுழாயும் இட்டு, அதன் மேல் மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி மூடினோம். பெரிய கல்லின் மேற்புறத்தில் மழைநீரை விலக்கிவிடும் வடிகால் ஒன்றை அமைத்தோம்.

பின்விளைவு

தொட்டி ஐந்து மாதத் தாமதத்தோடு முகட்டில் கட்டி முடிக்கப்பட்டது. நிரப்பிச் சோதித்தபோது கசிவு இல்லை. வழிந்தோடும் நீருக்கான குழாய், முதல் வரைபடத்தில் பழைய கல்லின் பக்கமாகவே சென்றது; அதை மறுபக்க ஓடைக்குத் திருப்பினோம். பெரிய கல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதன் மேல் மூன்று குறிகளைப் பதித்து, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அளக்கிறோம். மூன்று மழைக்காலங்களில் கிடைத்த வேறுபாடு கருவியின் பிழை அளவுக்குள்ளேயே இருக்கிறது.

இனி மாற வேண்டியவை

உருண்டைக் கற்கள் தெரியும் சரிவில் 3 மீட்டர் என்ற வழக்கமான ஆழம் போதாது. சுற்றுப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் மிகப் பெரிய கல்லின் தடிமனைவிடக் கூடுதலாகத் துளை இறங்க வேண்டும். முதல் நாளிலேயே யாராவது சரிவின் கீழே நடந்து, கிடக்கும் கற்கள் ஏன் உருண்டையாக இருக்கின்றன என்று யோசித்திருந்தால், 3 மீட்டர் போதுமா என்ற கேள்வி செலவின்றி எழுந்திருக்கும்.

அறிக்கையில் "பாறை" என்ற ஒற்றைச் சொல்லை ஏற்கக் கூடாது. ஹாங்காங்கில் கிரானைட்டைப் புதுப்பாறையிலிருந்து, முழுவதும் மண்ணாகிவிட்ட எச்சமண் வரை ஆறு தரங்களாகப் பிரித்து எழுதுகிறார்கள். கையால் நொறுங்குகிறதா, சுத்தி ஓசை எப்படி, நீரில் கரைகிறதா என்பவையே அதன் முக்கியச் சோதனைகள். இவற்றுக்கு ஒரு சுத்தியும் ஒரு வாளி நீரும் போதும். களத்தில் உள்ள எவரும் செய்யலாம். இப்போது அந்தக் குடியிருப்பின் பணிக்கான படிவத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் இந்த மூன்று விடைகளை எழுதும் கட்டங்களும், துளையிலிருந்து திரும்பும் நீரின் நிறத்துக்கு ஒரு கட்டமும் இருக்கின்றன.

ஆய்வுப் பள்ளங்களுக்கு மூடும் தேதியைத் தோண்டும் நாளிலேயே எழுதி வைக்கிறோம். மாதிரி எடுத்து முடிந்ததா இல்லையா என்பது அந்தத் தேதியை மாற்றாது.